கம்பெனி மோடத்தை ஓரங்கட்டுவது எப்படி

ஃபைபர் இணைப்பு போட வருபவர் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டியை நாம் எல்லோரும் மோடம் என்கிறோம். லைன்மேன்கள் ஓஎன்டி, ஓஎன்யூ என்பார்கள். அந்த ஒரு பெட்டிக்குள் நாலைந்து வேலைகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றுவது, யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்வது, வீட்டிலுள்ள கருவிகளுக்கு ஐபி எனும் முகவரி எண் கொடுப்பது, வைஃபை, இதோடு லேண்ட்லைன் போன். முதல் வேலையை அது நன்றாகவே செய்யும். மற்ற வேலைகளில்தான் சிக்கல். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) மாற்ற விடாது, வைஃபை ஹாலைத் தாண்டாது, வெளியிலிருந்து வருவதை வீட்டிலுள்ள ஒரு கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

பெட்டியைத் தூக்கி எறியவும் முடியாது, அதோடு மல்லுக்கட்டுவதிலும் பயனில்லை. ஒளியை மாற்றும் வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிட்டு, மற்றதைச் சொந்த ரவுட்டருக்கு மாற்றுவதுதான் வழி. எந்த அளவுக்கு மாற்றலாம் என்பது கம்பெனியைப் பொறுத்தது, உங்கள் ஏரியா ஆபரேட்டரையும் பொறுத்தது.

ஆனால் காசு செலவழிக்கும் முன் குறை எங்கே என்று பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை ஒரு கேபிளால் நேரே மோடத்தில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு 93, 94 என்று வந்து, எத்தனை முறை ஓட்டினாலும் அங்கேயே நின்றால், கம்பெனிமேல் தப்பில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் லிங்க்கில் தலைப்புச் சுமையெல்லாம் (பொட்டலங்களோடு ஒட்டிவரும் முகவரி விவரம்) போக மிஞ்சுவது அந்த 94தான். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். மலிவான மோடங்களில் நான்கு லேன் போர்ட் இருந்தாலும் முதல் போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். சிலவற்றில் ஒன்றுகூட கிகாபிட் கிடையாது. கேபிளை முதல் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டுக்குள் வயர் இழுக்கும்போது எட்டு இழைகளில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன் என்ற வரிசையில் எட்டும் தெரிய வேண்டும். நீலமும் பிரவுனும் வெட்டி உள்ளே மடக்கப்பட்டிருந்தால், புது பிளக் ஒன்றும் கிரிம்பிங் டூலும் போதும், கதை முடிந்தது. எட்டும் இருந்து அதில் ஒன்று சரியாகப் பதியாமல் போனாலும் இதே கதைதான். லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

கேபிளில் முழு வேகம் வருகிறது, வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு வழக்கு. மோடம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மாடலா என்று பாருங்கள். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாத உலகத்தில் கிடைக்கும் லிங்க் வேகம். அபார்ட்மென்ட்டில் இருபது வைஃபைக்கு நடுவே அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 3, 4, 8 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்தோடும் மோதும். இது இலவச வைத்தியம், ஓரளவு பலன் தரும், அவ்வளவுதான். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்ட எந்த செட்டிங்கும் உதவாது.

எல்ஓஎஸ் என்றோ லாஸ் என்றோ எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் வீட்டுக்குள் எதையும் தொடாதீர்கள், அது லைன் பிரச்சினை. சிவப்பு எரியாமலே அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது என்றால் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1) ஆப்டிகல் பவர் என்ற இடத்தைப் பாருங்கள். உள்ளே வரும் பவர் மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் நிம்மதி. ஜிபான் எனும் ஃபைபர் முறையில் ஓடும் சாதாரண மோடத்தின் எல்லை மைனஸ் 27. மைனஸ் 26.5 என்று காட்டும் லைன் ஒரு மழைக்குத் தாங்காது. டிபி கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் அழுக்குப் படிந்த கனெக்டர், அல்லது கதவு இடுக்கில் நசுங்கிய இழை. பச்சை நிற கனெக்டர் சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேராக. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகச் செருகும், ஆனால் முகங்கள் ஒட்டாது, பவர் பாதாளத்துக்குப் போகும். இன்னொன்று: கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் சரியாக இருந்து, பெட்டிதான் குறை என்று தெரிந்த பிறகு சொந்த ரவுட்டர் வாங்கலாம்.

வைஃபை மட்டும்தான் பிரச்சினை என்றால் ஆக்சஸ் பாயின்ட் மோட் போதும். ரவுட்டரை அந்த மோடுக்கு மாற்றி, மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் இழுத்து, வீட்டின் நடுவில் வையுங்கள். ஐபி கொடுப்பது மோடம், வைஃபை தருவது ரவுட்டர். பழைய ரவுட்டரில் அப்படி ஒரு மோட் இல்லையென்றால் கையாலேயே செய்யலாம். அதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள், ஐபி விநியோகிக்கும் டிஎச்சிபியை அணையுங்கள், மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்) அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் ஐபி விநியோகம் செய்வார்கள். பாதி போன்களில் நெட் வரும், பாதியில் வராது, எந்தப் பாதி என்பது தினமும் மாறும். மோடத்தின் டிஎச்சிபி வரம்பு பல மாடல்களில் 2-இலேயே தொடங்கும். அதை 10-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால் ரவுட்டருக்குக் கொடுத்த 2 யாரோடும் மோதாது.

மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்கும் பட்டனைக் கம்பெனி மறைத்திருந்தால், அதற்கு வேறு பெயர் கொடுத்துப் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் விடலாம்.

அடுத்தது பிரிட்ஜ் மோட். உண்மையான விடுதலை இதில்தான் இருக்கிறது. மோடம் வெறும் ஒளி மாற்றியாகிவிடும், லாகின் உட்பட எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். பிஎஸ்என்எல் ஃபைபரிலும் பல ஊர்களின் கேபிள் ஆபரேட்டர் இணைப்புகளிலும் லாகின் பிபிபிஓஇ முறையில், அதாவது யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து நடப்பதால் இது சுலபம். யூசர்நேம் உங்களிடம் இருக்கும். பாஸ்வேர்டு மோடத்தின் பக்கத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும், ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரும்பாலான ஆபரேட்டர்கள் மறுக்காமல் கொடுப்பார்கள். 'எதுக்குங்க, நல்லாத்தானே ஓடுது' என்று ஒரு கேள்வி வரும், அவ்வளவுதான்.

மோடத்தின் வேன் பக்கத்தைத் திறந்ததும் முதல் வேலை, அங்கே இருக்கும் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுப்பது. ஒவ்வொரு வரியும் வேண்டும், குறிப்பாக விலேன் எண், அதாவது ஒரே இழையில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் முத்திரை. அந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கும். இன்டர்நெட் என்று ஒன்று, வாய்ஸ் அல்லது வாய்ப் என்று ஒன்று, டிஆர்-069 என்று இன்னொன்று. இன்டர்நெட்டை மட்டும் தொடுங்கள். வாய்ஸை அழித்தால் லேண்ட்லைன் செத்துவிடும். டிஆர்-069 என்பது கம்பெனி தன் இடத்திலிருந்தே மோடத்தை நிர்வகிக்கும் வழி. அதை அழித்துவிட்டால் அடுத்த முறை புகார் கொடுக்கும்போது உங்கள் மோடம் அவர்கள் திரையில் தெரியாது.

இன்டர்நெட் இணைப்பை ரூட் என்பதிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். விலேன் எண் பழையதேதான். போர்ட் பைண்டிங் என்ற இடத்தில் முதல் லேனை மட்டும் டிக் செய்யுங்கள். வைஃபை பெயர்கள் எதிலும் டிக் இருக்கக் கூடாது. சேமித்து, மோடத்தை ரீஸ்டார்ட் செய்து, முதல் லேனிலிருந்து ரவுட்டரின் வேன் போர்ட்டுக்குக் கேபிள். ரவுட்டரில் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்து யூசர்நேம், பாஸ்வேர்டு. விலேன் முத்திரையை மோடமே கழற்றிவிட்டால் ரவுட்டரில் விலேன் போட வேண்டியதில்லை. லாகின் பதிலே வராமல் நேரம் கடந்து தோற்றால் ரவுட்டரிலும் அதே எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பதில் வந்து, ஆனால் ஆதென்டிகேஷன் ஃபெயில் என்றால் கதை வேறு. பாஸ்வேர்டு தப்பாக இருக்கலாம், பழைய செஷன் சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம், அல்லது பழைய மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பூட்டியிருக்கலாம். ஒரு யூசர்நேமுக்கு ஒரு செஷன்தான் என்று பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு, அதனால் பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முயலுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ஆபரேட்டரிடம் 'மேக் ரிலீஸ் பண்ணிக் கொடுங்க' என்று கேளுங்கள், அந்த வார்த்தை அவர்களுக்குப் புரியும். அல்லது மோடத்தின் வேன் மேக்கை ரவுட்டரில் குளோன் செய்யலாம்.

லாகின் ஆகிவிட்டது, கூகுள் திறக்கிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்குகின்றன என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492 வைக்க வேண்டும். சோதிக்க, பிங் கமாண்டில் துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1464 பைட் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்தால் சரியாக 1492. 1464 போய், 1465 போகாமல் இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 1464-உம் போகவில்லையென்றால் போகும்வரை குறைத்துக்கொண்டே வந்து, போகும் எண்ணோடு 28 கூட்டி எம்டியுவில் போடுங்கள். ரவுட்டரில் பொட்டல அளவைத் தானே கட்டுப்படுத்தும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

பிரிட்ஜுக்குப் பிறகு மோடத்தின் பக்கம் திறக்கவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். அது போய்விடவில்லை. லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று நிலையான ஐபி கொடுத்து, மோடத்தின் இரண்டாவது லேன் போர்ட்டில் செருகினால் 192.168.1.1 திறக்கும். உங்கள் ரவுட்டரின் லேனை 192.168.50.1 போல வேறு வரம்பில் வைப்பது நல்லது. இரண்டும் ஒரே வரம்பில் இருந்தால் எந்தப் பெட்டியிடம் பேசுகிறோம் என்பது உங்களுக்கும் தெரியாது, லேப்டாப்புக்கும் தெரியாது.

மோடத்தின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் ஊசியை விடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பத்து வினாடி அழுத்தினால் விலேன், லாகின், சில மாடல்களில் கம்பெனிப் பக்கக் கருவியான ஓஎல்டியோடு பதிவு செய்ய வைத்த அடையாளம் வரை அழிந்துவிடும். பிறகு ஆள் வரும்வரை மொபைல் டேட்டாதான்.

பிரிட்ஜ் தர மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. பிபிபிஓஇ இல்லாமல் மோடத்தின் அடையாளத்தை வைத்தே இணைப்புக் கொடுப்பவர்களிடம் இது அதிகம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் சொந்தக் கருவியைப் பொருத்திக்கொள்வது வாடிக்கையாளரின் சட்டப்படியான உரிமை. நம் ஊரில் அது ஆபரேட்டரின் மனசு. அப்படிப்பட்ட இடத்தில் டிஎம்இஸட்தான் கை கொடுக்கும். ரவுட்டரின் வேனுக்கு 192.168.1.250 என்று நிலையான ஐபி கொடுத்து, மோடத்தின் டிஎச்சிபி வரம்பை 200-உடன் நிறுத்தி, டிஎம்இஸட் பக்கத்தில் 250-ஐப் போடுங்கள். வெளியிலிருந்து வருவதெல்லாம் உங்கள் ரவுட்டருக்குத் தள்ளிவிடப்படும். டபுள் நேட் (ஒரு ஐபியைப் பல கருவிகள் பங்கிட வைக்கும் நேட் இரண்டு முறை நடப்பது) என்று இதைப் பலர் பூச்சாண்டி காட்டுவார்கள். படம் பார்க்க, வீடியோ கால் பேச, ஆபீஸ் விபிஎன் போட இரண்டு நேட் ஒரு பொருட்டே இல்லை. சில ஆன்லைன் கேம்களும், வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டிய விஷயங்களும்தான் அடி வாங்கும்.

அந்த 'வெளியிலிருந்து உள்ளே' விஷயத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அது பெட்டியில் இல்லை. வேன் ஐபி என்ன என்று ரவுட்டரில் பாருங்கள். உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக, வேன் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் கம்பெனியே நடத்தும் நேட்டான சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10-இல் தொடங்கும் ஐபியைக் கொடுப்பவர்களும் உண்டு. பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி. நீங்கள் போர்ட்டைத் திறப்பது, அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைப்பது போல. பிரிட்ஜும் உதவாது, டிஎம்இஸட்டும் உதவாது. சிசிடிவி பார்க்க வேண்டும் என்பவர்கள் இதில்தான் நாள் கணக்கில் தலையை முட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு மூன்று வழி. மாதம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்குவது. ஐபியின் புதிய வடிவமான ஐபிவி6 வழியாக வருவது. அதில் நேட் இல்லை, ஃபயர்வாலில் அந்தக் கருவிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும், ஆனால் நீங்கள் வெளியே பயன்படுத்தும் நெட்டிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மூன்றாவது டெயில்ஸ்கேல் போன்ற ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டரும் உங்கள் போனும் வெளியே நோக்கித் தொடர்புகொண்டு நடுவில் சந்தித்துக்கொள்ளும், எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றாவதையே சொல்வேன். டெயில்ஸ்கேலும் தன் கருவிகளுக்கு 100.64 வரிசையிலேயே ஐபி கொடுக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டிஎன்எஸ் பற்றிக் கொஞ்சம். ஆக்சஸ் பாயின்ட் முறையில் ஐபி கொடுப்பது இன்னும் மோடம்தான் என்பதால், டிஎன்எஸ் மாற்றும் இடம் பூட்டியிருந்தால் ரவுட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து எல்லா போனிலும் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது, அதைப் போனிலேயே போட்டுவிடலாம். விளம்பரம் தடுக்க பைஹோல் எனும் சொந்த டிஎன்எஸ் சர்வர் வைப்பவர்கள் மோடத்தின் டிஎச்சிபியை அணைத்து, அந்த வேலையைப் பைஹோலிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் சில போன்களில் விளம்பரம் வரும். காரணம், மோடம் ஐபிவி6 வழியாகத் தானே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கும்; போன் பைஹோலைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்விடும். மோடத்தில் அந்த அறிவிப்பை நிறுத்த முடியவில்லையென்றால் பிரிட்ஜைத் தவிர வழியில்லை.

ஒருவர் கூகுள் டிரைவுக்குக் கல்யாண வீடியோவை ஏற்றும்போது இன்னொருவரின் மீட்டிங் திக்கித் திணறுகிறதா? வேகம் போதவில்லை என்று பிளானை உயர்த்தாதீர்கள். மோடம் தன்னால் அனுப்ப முடிவதைவிட அதிகமாக வரிசையில் அடைத்துக்கொள்வதுதான் காரணம். ஓப்பன்-டபிள்யூஆர்டி எனும் இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரில், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்பதை நிறுவி, கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, ஏற்றம் இறக்கம் இரண்டையும் நீங்கள் அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். 100 வந்தால் 90. அந்தப் பத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும், அது ஒழுங்காகப் பங்கிடும். பொட்டலங்களை ப்ராசஸரைத் தொடாமல் கடத்தும் ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கை அணைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. அணைத்தால் ப்ராசஸர் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டியிருக்கும், அதனால் அதிவேக பிளானுக்கு மலிவான ரவுட்டர் ஒத்துவராது.

பெட்டி இரண்டானால் கரன்ட் போகும்போது பிரச்சினையும் இரண்டாகும். ஜிபானில் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே கம்பத்தில் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் தெரு முழுக்க இருட்டானாலும், எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும்வரை வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் மினி யுபிஎஸ் வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் ஆம்பியரையும் கூட்டுங்கள். மோடம் 12 வோல்ட் 1 ஆம்பியர், ரவுட்டர் 12 வோல்ட் 1.5 என்றால் 2 ஆம்பியர் யுபிஎஸ்ஸில் இரண்டையும் மாட்டக் கூடாது. ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடாப்டரின் முதுகைப் படித்துவிடுங்கள். பிளக் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஊசி 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. 2.1 ஊசிக்கு 2.5 பிளக்கை மாட்டினால் உள்ளே போகும், ஆனால் தொளதொளவென்று இருக்கும், யாராவது மேசையை இடித்தால் ரீஸ்டார்ட் ஆகும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் விலேன் எண், யூசர்நேம், 'பிரிட்ஜ், முதல் லேன் மட்டும்' என்று ஒரு தாளில் எழுதி மோடத்தின் அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கம்பெனி தூரத்திலிருந்தே செட்டிங்கை ரூட்டுக்குத் திருப்பிவிடும் நாள் வரலாம். வேறு புகாருக்கு வரும் லைன்மேன் முதல் வேலையாக மோடத்தை ரீசெட் செய்தாலும் செய்வார். அப்போது அந்தத் தாளை அவரிடம் காட்டினால் அஞ்சு நிமிஷ வேலை.